முக்கால் குடம் போதும்

பெருங்களத்தூர் ரயில்வே ஸ்டேஷனுக்குச் சமீபத்தில், ஜி.எஸ்.டி. ரோட்டின் ஓரமாக, மாலை வேளையில் ஒரு கால் மணி நேரம் நின்று பாருங்கள். பச்சை நிற நம்பர்ப் பலகை தாங்கிய வண்டிகள் எத்தனை போகின்றன என்று விரல் விட்டு எண்ணத் தொடங்கினால், விரல்கள் போதாமல் எண்ணுவதை நிறுத்திவிட நேரும். பச்சைப் பலகை என்றால் மின்சார வண்டி என்று அர்த்தம். அதில் வெள்ளை எழுத்து இருந்தால் சொந்த உபயோகத்துக்கு உரியது. மஞ்சள் எழுத்து இருந்தால் வாடகைக்கு ஓடுவது. புகையும் இல்லை, உறுமலும் இல்லை. முதுகுக்குப் பின்னால் வந்து நின்ற பிறகுதான் வந்ததே தெரிகிறது.

இப்படிப்பட்ட வண்டி ஒன்று வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்ததும், அதோடு கூடவே ஒரு விவாதமும் வந்து சேர்ந்துவிடுகிறது. சாவி கைக்கு வந்த தினத்தில் தேங்காய் உடைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, பிள்ளையார் கோயில் வரையில் ஓட்டிக் கொண்டுபோய்த் திரும்பியாகிறது. அன்றிரவே குடும்பத்தில் கட்சிகள் பிரிந்துவிடுகின்றன. "ராத்திரி பூராவும் மாட்டி வை, காலையில் நூற்றுக்கு நூறு இருக்கட்டும்" என்கிறார் தாத்தா. "பாதிக்கு மேல் ஏற்றக் கூடாது என்று என் சிநேகிதன் சொன்னான்" என்கிறான் பேரன். "சுத்தமாகத் தீர்ந்த பிறகு ஏற்றினால்தான் பாட்டரி உழைக்கும், கைப்பேசிக்கு அப்படித்தான் சொன்னார்கள்" என்கிறார் மாப்பிள்ளை. வண்டியின் விலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பாட்டரியின் விலை என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஆகையால் இந்த வாதத்தை வெறும் திண்ணைப் பேச்சு என்று தள்ளிவிடுவதற்கில்லை. பத்து வருஷத்துச் சேமிப்பு அந்த இருக்கைகளுக்கு அடியில் தகரப் பெட்டிக்குள் படுத்திருக்கிறது.

முதலில் ஒன்று சொல்ல வேண்டும். மின்சாரப் பிரயாணம் நம்முடைய பக்கத்துக்குப் புதிதல்ல. தென்னிந்திய ரயில்வேக்காரர்கள் 1931-ம் வருஷத்திலேயே சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரையில் சுமார் 29 கிலோமீட்டர் தூரத்துக்கு மின்சார ரயில் ஓட்டினார்கள். அந்தப் பாதைக்காக வரவழைத்த இழுவை இஞ்சின்களில் ஒரு விநோதம் உண்டு. மேலே கம்பி இல்லாத கிளைத் தண்டவாளங்களில் சரக்கு வண்டிகளைத் தள்ளுவதற்காக, பாட்டரிகள் நிறைந்த ஒரு தனிப் பெட்டியை அந்த இஞ்சின்கள் கூடவே இழுத்துக்கொண்டு போகும். இன்று நம் தெருவில் ஓடும் காருக்கும் அந்தப் பெட்டிக்கும் தத்துவம் ஒன்றுதான். கம்பியுள்ள இடத்தில் மின்சாரத்தை வாங்கிக் கட்டிக்கொண்டு, கம்பியில்லாத இடத்தில் அவிழ்த்துச் செலவழிப்பது.

ஆனால் பாட்டரியின் குணத்தைப் பற்றி நம் குடும்பங்கள் பாடம் படித்தது ரயில்வேக்காரர்களிடம் அல்ல. இன்வெர்ட்டரிடம் படித்தார்கள். 2012-ஐ ஒட்டிய வருஷங்களில் தமிழ்நாடு பட்ட மின்வெட்டுத் துன்பத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த நாளில் தாம்பரத்துக்கு அப்பால் இன்வெர்ட்டர் வாங்காத வீடு வெகு சொற்பம். மாடிப்படிக்கு அடியில், செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில், கறுப்பு நிறத்தில் கனமாக ஒரு பெட்டி வந்து உட்கார்ந்தது. அதற்கு மாதா மாதம் வடிநீர் வார்க்க வேண்டும். எப்பொழுதும் நிறைவாகவே வைத்திருக்க வேண்டும். வடியவிட்டுவிட்டு அப்படியே போட்டால் கெட்டுப்போய்விடும். கடைக்காரர் இப்படிச் சொல்லித்தான் கொடுத்தார். அவர் சொன்னது முற்றிலும் சரி.

ஏனென்றால் அது காரீயமும் கந்தகத் திராவகமும் சேர்ந்த பாட்டரி. மின்சாரம் வடியும்போது ஈயத் தகடுகளின் மேல் ஒருவித வெள்ளை உப்புப் படிகிறது. உடனே திரும்ப ஏற்றினால் அந்த உப்புக் கரைந்துவிடும். நாட்கணக்கில் அப்படியே விட்டுவிட்டால் இறுகிக் கெட்டியாகி, தகட்டைப் பிடித்த துருப்போல நிலைத்துவிடும். ஆகவே அந்த ஜாதிப் பாட்டரிக்கு நிறைகுடமே ஆரோக்கியம். பெங்களூரில் செய்து 2001-ம் வருஷத்தில் விற்பனைக்கு வந்த 'ரேவா' என்ற சிறிய மின்சாரக் காரிலும் இந்த ஈயப் பாட்டரிதான் இருந்தது. அதன் சொந்தக்காரர்கள் "தினம் நிறைத்து வை" என்று உபதேசம் செய்தார்களானால் அதில் பிசகில்லை.

பிசகு எங்கே நேருகிறதென்றால், அந்த உபதேசத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து இப்பொழுதைய லிதியம் பாட்டரியின் தலையில் கட்டும்போதுதான். இரண்டுக்கும் பெயர் ஒன்று, குணம் நேர்மாறு. நம்முடைய நாட்டில் நிறைகுடத்துக்கு இருக்கும் மரியாதை சாமானியமானதல்ல. கல்யாண வாசலில் நிறைகுடம், கிருகப் பிரவேசத்தில் நிறைகுடம். எண்ணெய்த் தூக்கு, அரிசிப் பானை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் நிறைந்திருந்தால்தான் வீட்டு அம்மாளுக்கு நிம்மதி. குறைகுடத்தை ஏசுவதற்கென்றே பழமொழி வைத்திருக்கிறோம். அப்படியிருக்க, "முக்கால் குடத்தோடு நிறுத்து" என்று ஒரு யந்திரம் கேட்டால் மனம் எளிதில் ஒப்புமா? ஒப்பாதுதான். ஆகவே அதற்குக் காரணம் சொல்லியாக வேண்டும்.

லிதியம் பாட்டரிக்குள் இரண்டு வீடுகள் இருக்கின்றன. ஒன்று, பென்சிலில் இருக்கிறதே அதே கிராபைட் கரியினாலான வீடு. ஏட்டுச் சுவடிபோல அடுக்கடுக்காக இருக்கும். மற்றொன்று உலோகச் சேர்க்கையினாலான வீடு. இரண்டுக்கும் நடுவில் ஒரு திரவம். லிதியம் அணுக்கள் மின்னேற்றம் பெற்று, இந்தத் திரவத்தின் வழியாக ஒரு வீட்டிலிருந்து மற்றொரு வீட்டுக்குப் போய்வருகின்றன. காலையில் தாம்பரத்தில் ரயில் ஏறிக் கடற்கரைக்குப் போய், மாலையில் திரும்பி வரும் உத்தியோகஸ்தர்களைப் போல. நாம் மின்சாரம் ஏற்றும்போது அவை எல்லாம் கரி வீட்டுக்குள் நுழைந்து அடுக்குகளுக்கு இடையில் உட்காருகின்றன. வண்டியை ஓட்டும்போது எழுந்து மறு வீட்டுக்குப் போகின்றன. அந்தப் போக்குவரத்துத்தான் நமக்கு ஓட்டமாகக் கிடைக்கிறது.

நூற்றுக்கு நூறு ஏற்றிவிட்டால் என்ன ஆகிறது? கரி வீட்டில் மூச்சு விட இடமில்லாமல் கூட்டம் நெருக்குகிறது. மறு வீடோ ஏறக்குறையக் காலியாகி, அதன் சுவர்கள் பலவீனப்படுகின்றன. மின்சார அழுத்தம் உச்சத்தில் நிற்கிறது. அந்த நிலையில் நடுவிலுள்ள திரவம் சும்மா இருப்பதில்லை. வீட்டுச் சுவரோடு மெல்ல மெல்ல வினை புரிகிறது. கரியின் மேல் ஒரு மெல்லிய தோல் வளர்கிறது. அந்தத் தோலை உண்டாக்குவதற்காகச் சில லிதியம் அணுக்கள் பலியாகின்றன. அவை மறுபடி ரயில் ஏறுவதில்லை. இன்றைக்கு லட்சத்தில் ஒருவர், நாளைக்கு இன்னும் ஒருவர் என்று இப்படிக் குறைந்துகொண்டே போனால், ஐந்தாறு வருஷங்களில் 300 கிலோமீட்டர் ஓடின வண்டி 250 ஓடுகிறது. இதைத்தான் பாட்டரி 'கிழடு தட்டுவது' என்கிறோம்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். நூறைத் தொடுவது பெரிய குற்றமல்ல. நூறைத் தொட்டுவிட்டு அங்கேயே மணிக்கணக்காக, நாட்கணக்காக நிற்பதுதான் கெடுதல். அதிலும் வெயிலில் நிற்பது மகா கெடுதல். வெளியூர்ப் பிரயாணத்துக்காக விடியற்காலை நாலு மணிக்கு நூறு ஆகும்படி ஏற்றி, நாலரை மணிக்குப் புறப்பட்டுவிடும் மனிதர் தம் பாட்டரிக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை இரவு நூறாக்கி, புதன்கிழமை வரையில் வண்டியை எடுக்காமல் கொதிக்கும் தகரக் கொட்டகையில் நிறுத்திவைக்கும் மனிதர்தான் செய்கிறார்.

உஷ்ணம் என்று சொல்லும்போது நமக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. மே மாதத்தில் கத்திரி வெயில் காய்கையில் மீனம்பாக்கத்து உஷ்ணமானி 40 டிகிரியைத் தாண்டுவது வருஷா வருஷம் பத்திரிகையில் படிக்கிற சமாசாரம். உஷ்ணம் பத்து டிகிரி ஏறினால் ரசாயன வினைகளின் வேகம் சுமார் இரட்டிக்கும் என்பது பள்ளிக்கூடத்துப் பாடத்தில் வரும் ஒரு தோராயமான விதி. அந்த விதி நம் காரின் அடிவயிற்றிலும் செல்லும். அமெரிக்காவில் அரிஸோனா மாகாணத்தில் இதற்கு ஒரு பிரத்தியட்சமான உதாரணம் நடந்தது. நிஸ்ஸான் கம்பெனியாரின் 'லீஃப்' என்ற காருக்குப் பாட்டரியைக் குளிர வைக்கத் தனி ஏற்பாடு எதுவும் இல்லை. ஓடுகிற காற்றே போதும் என்று விட்டிருந்தார்கள். 2012-ம் வருஷத்தில், பாலைவன வெயிலில் ஓடிய அந்தக் கார்களின் சொந்தக்காரர்கள், வாங்கி இரண்டு வருஷம்கூட ஆவதற்குள் பாட்டரியின் கொள்ளளவு குறைந்துவிட்டதென்று முறையிட்டார்கள். விவகாரம் கோர்ட்டு வரைக்கும் போயிற்று. பின்னால் கம்பெனியார் கொள்ளளவுக்கே உத்தரவாதம் கொடுத்து, பாட்டரியின் கலவையையும் வெயிலுக்குத் தாங்கும்படி மாற்றினார்கள்.

இப்பொழுது நம் நாட்டில் விற்கும் கார்களில் பெரும்பாலானவற்றில், குழாய் வழியாகக் குளிர்ந்த திரவம் ஓடிப் பாட்டரியின் சூட்டைத் தணிக்கிறது. ஆகவே அரிஸோனாக்காரர்கள் பட்ட பாடு அவ்வளவு நமக்கில்லை. என்றாலும் யந்திரத்துக்கு உதவி செய்வதில் நஷ்டம் ஒன்றுமில்லை. மத்தியானம் இரண்டு மணிக்குக் கொதிக்கிற சாலையில் ஓட்டிக்கொண்டு வந்ததும் வராததுமாகக் கம்பியை மாட்டாதீர்கள். ஒரு மணி நேரமாவது நிழலில் நிற்கட்டும். இரவில் மாட்டினால் இன்னும் விசேஷம். அநேகக் கார்களில் இத்தனை மணிக்குத் தொடங்கு, இத்தனையில் நிறுத்து என்று உத்தரவு போட்டுவைக்க வசதி இருக்கிறது. விலை கொடுத்து வாங்கிய அந்த வசதியை ஒரு முறைகூடத் தொட்டுப் பார்க்காதவர்கள் நம்மில் பாதிப் பேர் இருப்பார்கள் என்று எனக்குச் சந்தேகம்.

இனி, பேரனுடைய கட்சியும் முழுக்கச் சரியல்ல என்பதைச் சொல்ல வேண்டும். லிதியம் பாட்டரியிலேயே இரண்டு கிளைகள் உண்டு. ஒன்று, நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் ஆகிய மூன்றும் கலந்தது. மற்றொன்று, இரும்பும் பாஸ்பேட்டும் சேர்ந்தது. நமது ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய்க் கம்பெனியார் செய்து 2025-ம் வருஷம் ஜனவரியில் வெளியிட்ட 'கிரெட்டா' மின்சாரக் கார் முதல் கிளையைச் சேர்ந்தது. டாட்டா கம்பெனியாரின் 'நெக்ஸான்', மஹிந்திராவின் 'பி.இ. 6', எம்.ஜி.யின் 'விண்ட்ஸர்' முதலியவை இரும்புக் கிளை. முதல் கிளைக்கு, அன்றாட ஓட்டத்தில் நூற்றுக்கு 80-ல் நிறுத்துவது உத்தமம். எடை குறைவு, ஓட்டம் அதிகம், ஆனால் கொஞ்சம் சுகுமாரமான சரீரம்.

இரும்புக் கிளை முரட்டுச் சரீரம். ஆயினும் அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. முதல் கிளையில், மின்சாரம் குறையக் குறைய அழுத்தமும் படிப்படியாக இறங்கிவரும். அதைப் பார்த்து இன்னும் எவ்வளவு மீதி என்று வண்டி கணக்குச் சொல்லும். இரும்புக் கிளையிலோ, அழுத்தம் பெரும்பாலும் மேஜைப் பலகைபோல ஒரே மட்டமாக இருக்கும். 70 இருக்கிறதா, 40 இருக்கிறதா என்று வண்டிக்கே நிச்சயமாகத் தெரியாது, உத்தேசக் கணக்குத்தான். உச்சிக்குப் போனால் மட்டும் அழுத்தம் சட்டென்று ஏறும். அதை அடையாளமாக வைத்துக்கொண்டு கணக்கைத் திருத்திக்கொள்ளும். அதனால்தான் இந்தக் கார்களைச் செய்கிறவர்கள், அவ்வப்பொழுது ஒரு முறை நூறு வரையில் ஏற்றுங்கள் என்று சொல்கிறார்கள். டெஸ்லா கம்பெனியார் வாரம் ஒரு முறை என்கிறார்கள். மற்றவர்கள் தங்கள் தங்கள் புத்தகத்தில் எழுதியிருக்கிறபடி செய்ய வேண்டியது. இதைச் செய்யாமல் விட்டால், முப்பது மீதி என்று காட்டிக்கொண்டிருந்த வண்டி திடீரென்று பத்துக்கு இறங்கிச் சொந்தக்காரரைத் தவிக்க வைக்கும்.

இதைக் கேட்டதும், "பார்த்தாயா, நான் சொன்னேனே!" என்று தாத்தா மீசையை முறுக்குவார். அவசரப்படக் கூடாது. கணக்குச் சரியாவதற்காக நூறு ஏற்றச் சொல்கிறார்களே யொழிய, பாட்டரியின் தேக ஆரோக்கியத்துக்காக அல்ல. கானடா தேசத்து டல்ஹௌஸி சர்வகலாசாலையில் ஜெஃப் டான் என்ற பேராசிரியரின் குழுவினர் 2024-ம் வருஷத்தில் வெளியிட்ட ஆராய்ச்சியில், இரும்புக் கிளைப் பாட்டரியும் உச்சியை ஒட்டியே புழங்கினால் சீக்கிரம் தேய்கிறது, தாழ்ந்த மட்டத்தில் புழங்கினால் நீடித்து உழைக்கிறது என்று கண்டிருக்கிறார்கள். வாரத்தில் ஒரு நாள் விருந்துச் சாப்பாடு, மற்ற நாள் மிதமான ஆகாரம் என்று வைத்துக்கொண்டால் இரு கட்சிக்கும் சமாதானம்.

மாப்பிள்ளையின் கட்சிக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். சுத்தமாக வடித்துப் பிறகு ஏற்றுவது பழைய நிக்கல் காட்மியம் பாட்டரிக்குச் சொன்ன வைத்தியம். லிதியத்துக்கு அது பத்தியமல்ல, பட்டினி.

கிளை எதுவானாலும், நம்முடைய ஊர் வாழ்க்கைக்கு எவ்வளவு மின்சாரம் தேவை என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் பாதிக் கவலை தீர்ந்துவிடும். பெருங்களத்தூரிலிருந்து கிண்டிக்குப் போய்த் திரும்பினால் 40 கிலோமீட்டருக்கு உட்பட்ட தூரம். ஒரு யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், தினச் செலவு ஆறு யூனிட்டுக்குக் கிட்ட. 45 யூனிட் கொள்ளும் பாட்டரியில் இது நூற்றுக்கு 13 அல்லது 14 பங்குதான். வீட்டில் குளிர்சாதனப் பெட்டிக்கும் வெந்நீர் அடுப்புக்கும் போட்டிருக்கிற 15 ஆம்பியர் பிளக்கில் மாட்டினால் மணிக்குச் சுமார் மூன்று யூனிட் ஏறும். இரண்டு மணி நேரத்தில் அன்றைய கடன் அடைந்துவிடுகிறது! இதற்காக இரவு பூராவும் மாட்டிவைத்து நூறு பார்க்க வேண்டிய அவசியம் என்ன? இரண்டு மூன்று நாளைக்கு ஒரு முறை 40-லிருந்து 80-க்கு ஏற்றினாலும் சரி, தினம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினாலும் சரி. அடிமட்டம் வரைக்கும் வடித்து உச்சி வரைக்கும் நிரப்புவதைவிட, நடு மட்டத்தில் சிறு சிறு ஏற்ற இறக்கமாகப் புழங்குவதே இந்தப் பாட்டரிக்குப் பிரியமானது. தினம் கொஞ்சம் ஏற்றினால் 'தடவை' அதிகமாகிவிடுமே என்று பயப்பட வேண்டாம். நாலு முறை கால் கால் பங்கு ஏற்றினால்தான் ஒரு முழுத் தடவை என்று கணக்கு.

அந்தப் பிளக்கைப் பற்றி ஒரு வார்த்தை. மூன்று யூனிட் என்பது ஒரு பெரிய வெந்நீர்ப் பாய்லர் நிறுத்தாமல் மணிக்கணக்காக எரிவதற்குச் சமானம். பழைய வீட்டின் இளைத்த கம்பியில், ஆடுகிற பிளக்கில், ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் கம்பி இழுத்து மாட்டுவது பாட்டரியைக் கெடுப்பதற்கு முன் வீட்டைக் கெடுத்துவிடும். தெரிந்த எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, மீட்டரிலிருந்து தனிக் கம்பியும் நல்ல எர்த்தும் போட்டுக்கொள்வதற்கு ஆகும் செலவு வண்டியின் ஒரு சக்கரத்து டயர் விலைக்கு மேல் அதிகம் போகாது. அடுக்குமாடிக் குடித்தனக்காரர்கள் சங்கத்தில் அனுமதி வாங்கும் கதை தனிப் புராணம். அதை வேறொரு வாரத்துக்கு வைத்துக்கொள்வோம்.

பொங்கலுக்கோ தீபாவளிக்கோ சொந்த ஊருக்குப் புறப்படுகிறவர்கள் விஷயம் வேறு. திருச்சிக்கு 300 கிலோமீட்டர். அப்போது நூறு ஏற்றிக்கொண்டு கிளம்புவதில் தவறே இல்லை. வழியில் விரைவு நிலையத்தில் மாட்டினால், 80 வரையில் சடசடவென்று ஏறும். அதற்குமேல் ஆமை வேகம். கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தில் காலி பஸ்ஸில் ஏறுகிறவர்கள் ஓடிப்போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். கடைசியில் ஏறுகிறவர்கள்தாம் எங்கே இடம் என்று தேடித் தேடிப் போக வேண்டியிருக்கிறது. பாட்டரியிலும் அதே நியாயம். ஆகவே 80 வந்ததும் காப்பிக் கடையிலிருந்து எழுந்து வந்து, பின்னால் காத்திருக்கும் வண்டிக்கு இடம் விடுவது பாட்டரிக்கும் நல்லது, பண்புக்கும் நல்லது. விரைவு நிலையத்தை விஷம் என்று நினைக்க வேண்டாம். மாதம் இரண்டு பிரயாணத்துக்கு அது ஒரு கெடுதலும் செய்யாது. வீட்டில் பிளக் இருந்தும் தினசரி அங்கேயே போய் நிற்பதுதான் வேண்டாத உஷ்ணத்தை வரவழைத்துக்கொள்வது.

உதகமண்டலம் போகிறவர்களுக்கு ஒரு சிறு ரகசியம்: மேலே தங்கும் விடுதியில் நூறு ஏற்றிக்கொண்டு இறங்காதீர்கள். மலைச் சரிவில் இறங்கும்போது இந்தக் கார்களின் மோட்டாரே டைனமோவாக மாறி மின்சாரத்தைத் திரும்பப் பாட்டரிக்குள் செலுத்தும். வண்டியின் வேகத்தையும் அதுவே பிடித்து நிறுத்தும். பாட்டரியில் இடமே இல்லை யென்றால் எங்கே செலுத்துவது? மேட்டுப்பாளையம் வரையில் சக்கரத்துப் பிரேக் ஒன்றையே நம்ப வேண்டியதாகிவிடும்.

இவ்வளவு சிரமம் எடுத்துப் பாட்டரியைப் பேணுவானேன், எட்டு வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்று கம்பெனிக்காரர் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கிறாரே என்று சிலர் கேட்கலாம். பத்திரத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படித்தால், கொள்ளளவு ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால்தான் அது செல்லும் என்று எழுதியிருப்பது தெரியும். 300 ஓடினது 240 ஆனால் பத்திரம் பெரும்பாலும் பேசாது. பழைய காராக விற்கப் போகும் தினத்தில் வாங்குகிறவர் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. லிதியம் பாட்டரியைக் கடைக்குக் கொண்டுவந்தவர்கள் 1991-ல் ஜப்பானிய ஸோனி கம்பெனியார். அதற்கு அடிப்படை போட்ட குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-ல் நோபல் பரிசு கிடைத்தது. நமது நாட்டில் இந்த ரசாயனத்துக்கென்று ஒரு கோயில் காரைக்குடியில் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-ம் வருஷம் ஜூலை மாதத்தில் பண்டித நேரு அஸ்திவாரக் கல் நாட்டி, 1953-ல் திறந்துவைக்கப்பட்ட மத்திய மின் ரசாயன ஆராய்ச்சி நிலையந்தான் அது. லிதியம் பாட்டரி செய்யும் முறையை அங்கே வகுத்து, 2018-ல் தனியார் கம்பெனி ஒன்றுக்குக் கொடுக்க ஒப்பந்தமும் செய்தார்கள். அப்படியிருந்தும் நம் கார்களுக்கு வேண்டிய பாட்டரிக் கண்ணறைகளில் பெரும் பகுதி இன்றைக்கும் வெளி நாட்டிலிருந்து, முக்கியமாகச் சீனத்திலிருந்து, கப்பலில் வருகிறது. பெட்ரோலுக்காக வெளியே போகும் பணத்தை மிச்சம் பிடிக்கிறோம் என்று வாங்கிய வண்டிக்கு, ஆறாவது வருஷத்தில் இன்னொரு பாட்டரியை வரவழைக்க நேர்ந்தால் அந்த மிச்சம் எங்கே போயிற்று என்று கேட்கலாமல்லவா?

தாம்பரம் பக்கத்துக் குடும்பங்களில் இன்னொரு வழக்கம் இருக்கிறது. பெண்ணோ பிள்ளையோ அமெரிக்காவில். பிரசவம் பார்க்க, பேரக் குழந்தையைக் கொஞ்ச, தம்பதிகள் ஆறு மாதத்துக்குப் புறப்பட்டுவிடுகிறார்கள். வீட்டைப் பூட்டிச் சாவியை எதிர்வீட்டு மாமியிடம் கொடுக்கிறார்கள். காரை மட்டும், "திரும்பி வந்ததும் உடனே வேண்டுமே" என்று நூறு ஏற்றி, கம்பியைப் பிடுங்காமலே விட்டுப் போகிறவர்கள் உண்டு. இதைவிடப் பாட்டரிக்குச் செய்யக்கூடிய துரோகம் வேறில்லை. பாதி மட்டத்தில், நிழலில், கம்பியைக் கழற்றிவிட்டுப் போங்கள். பத்துக்குக் கீழே இருக்கும்போதும் விட்டுப் போகாதீர்கள். வண்டி உறங்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டிருக்கும். அடியோடு வறண்டுபோனால் பிறகு எழுப்புவது கடினம்.

இதில் ஒரு பரிகாசத்தைக் கவனியுங்கள். அநேக மின்சாரக் கார்களுக்குள், பெரிய லிதியம் பாட்டரியைத் தவிர, விளக்குக்கும் கதவுப் பூட்டுக்கும் என்று சின்னதாக ஒரு 12 வோல்ட் பாட்டரி இருக்கிறது. அது பெரும்பாலும் அந்தப் பழைய ஈய ஜாதி! அதற்கு நிறைகுடந்தான் வேண்டும். பெரியவன் பாதி வயிற்றோடு சுகமாகத் தூங்கிக்கொண்டிருக்கையில், சின்னவன் வடிந்துபோய், ஆறு மாதம் கழித்து வந்தவர்களுக்குக் கதவே திறக்காமல் செய்துவிடுவான். ஆகவே எதிர்வீட்டில் வண்டியோட்டத் தெரிந்த யாரிடமாவது சொல்லி, பதினைந்து நாளைக்கு ஒரு முறை அரை மணி நேரம் ஓட்டச் செய்யுங்கள். அந்த மட்டில் தாத்தாவின் இன்வெர்ட்டர் சாஸ்திரம் இன்னும் காலாவதியாகிவிடவில்லை.

ஐப்பசி கார்த்திகை நெருங்கினால் நம் பக்கத்தில் வேறு கவலை. 2015-ம் வருஷம் டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கினதையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மறுபடி தண்ணீர் நின்றதையும் கண்டவர்கள் நாம். இந்தப் பாட்டரிகளை நீர் புகாத பெட்டியில்தான் வைத்திருக்கிறார்கள். தேங்கிய மழைத் தண்ணீரில் கொஞ்ச தூரம் போவதற்குப் பயமில்லை. ஆனால் ஒரு நாள் முழுதும் மூழ்கிக் கிடந்த வண்டி வேறு. அதில் கம்பியை மாட்டிப் பரீட்சை பார்க்கக் கூடாது. தொடாமல் இழுத்துக்கொண்டு போகச் செய்து கம்பெனிக்காரர் சோதித்த பிறகுதான் மாட்டலாம். 2022-ல் அமெரிக்காவின் புளோரிடாவில் இயன் என்ற புயலின்போது கடல் நீரில் முழுகிய மின்சாரக் கார்களில் சில, வெள்ளம் வடிந்து சில நாட்களுக்குப் பிறகு தாமாகவே தீப்பற்றின. மழைத் தண்ணீர் உப்புத் தண்ணீரைப்போல் அவ்வளவு பொல்லாதது அல்ல என்றாலும், வீட்டுக்குள் நிறுத்திப் பார்க்கும் சோதனை அல்ல இது.

புயல் எச்சரிக்கை வந்தால் 2024 அக்டோபரில் வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் வரிசையாகக் காரைக் கொண்டுபோய் நிறுத்தினார்களே, அவர்களைக் கண்டு அப்போது சிரித்தவர்கள் உண்டு, நான் சிரிக்கவில்லை. தண்ணீர் வருவதற்கு முந்தின நாளே, மழை பிடிக்காத இடத்தில் 80 அல்லது 90 வரையில் ஏற்றிக்கொண்டு, மேட்டு நிலமாகப் பார்த்து நிறுத்திவிடுங்கள். தண்ணீர் நிற்கும் கீழ்த்தளத்தில் பிளக்கைத் தொடவே வேண்டாம். மின்சாரம் வர மூன்று நாள் ஆனாலும் பரவாயில்லை: 45 யூனிட் பாட்டரியில் 80 பங்கு இருந்தால், பெருங்களத்தூரிலிருந்து கிண்டிக்கு ஐந்து முறை போய்த் திரும்பலாம், பாலும் மருந்தும் வாங்கத் தாம்பரத்துக்கு அதைவிட எத்தனையோ முறை போய்வரலாம்.